இரண்டு பக்கமும் அனுப்பியிருக்கிறேன்

பெரியகல்லாறு
16.06.2025

அன்பு மகன் விஜிதரனுக்கு,

எங்கள் கோயில் அம்மாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், மெல்பேர்ன் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று விளக்கு வைக்கும் நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கோயில் சடங்கு போன கிழமை கடைசிநாள் குளிர்த்திப் பூசையோடு முடிந்தது, எந்தக் குடிவழியாருக்கு எந்த நாள் பூசை என்று நீ செய்து தந்த மென்பொருள்தான் இம்முறையும் பிரித்துத் தந்தது, ஒரு சண்டையுமில்லை. முந்தி ஒரு வருசம் இரண்டு குடியார் ஒரே நாளில் பானையோடு வந்து நின்றார்களே, அதைப் பார்த்துத்தானே நீ கம்பஸ் லீவில் குசினி மேசையில் இருந்து அதைச் செய்தாய். நான் பெயர்களை வாசிக்க நீ தட்டுவாய், தேத்தண்ணி ஆறிப்போகும், மூன்று தரம் சூடாக்குவேன். அந்த மேசையைத் துடைக்கும்போது இன்றைக்கும் நீ அதில் இருப்பது போலத்தான்.

நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். கோயில் பட்டியலை வைத்து வளர்த்த, ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு வேலைமுறை பிரிக்கும் மென்பொருளைத் தனியாக விற்க நினைக்கிறாய், கொம்பனி அது தங்களுடையதென்று மறிக்கிறது, வேலையில் சேர முதலே எல்லாம் முடிந்ததென்று என்னைச் சாட்சியாக எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னாய். வீட்டு விசயம் எழுதிவைக்கும் கொப்பியைப் புரட்டினேன் மகன், அதில் உன்னைத் தம்பி என்றுதான் எழுதியிருக்கிறேன். 2018 வைகாசியில், தம்பி கோயில் வேலையை முடித்தான், பென்டிறைவை வெற்றிலையோடு அம்மாளுக்குப் படைத்த மடையில் வைத்தோம் என்று இருக்கிறது. 2020 சித்திரை ஊரடங்கில், தம்பி கொம்பனி லப்டொப்பில் தாதிமாருக்கானதைத் தொடங்கினான், மானேஜர் மெச்சினாராம் என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 2018 பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பன், புள்ளட பாடு வீணாகப் போகுது என்று அப்பா ஏசினார். நானும் இரண்டு நாள் அந்தக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாய் இருந்தேன். பிழை என்னிலும் இருக்கிறது, உன் நியமனக் கடிதம் வந்த அன்று அதையும் மடையில் வைத்துக் கும்பிட்டோமே தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று ஒருவரும் வாசிக்கவில்லை.

கோயிலை நடத்தும் வண்ணக்கர் இளையதம்பி அண்ணனிடம் சாட்சிக் கடிதம் கேட்டுப் போனேன். மடையில வச்சது அம்மாளுக்கெல்லோ சொந்தம், அவவிட்டயும் உன்ட மகன் கையெழுத்து வாங்கிட்டானாகா என்று பகிடி பண்ணினார். மறுகா 2018இல் செய்தது உண்மையென்று எழுதிக் கோயில் முத்திரையும் குத்தித் தந்தார். அதோடு கொப்பியின் இரண்டு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீ ஒன்றை மட்டும் காட்டினால் அது உன் விருப்பம், நான் ஒன்றை மட்டும் அனுப்ப மாட்டேன், நீ கேட்ட கையெழுத்தும் வைக்க மாட்டேன். கோயிலுக்குச் செய்தது என்னுடையதென்று நிமிர்ந்து சொல்லு, மற்றதுக்கு அனுமதி கேள், தரமாட்டோமென்றால் கோயில் பட்டியலிலிருந்து திரும்பத் தொடங்கு, உன்னால் ஏலும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, தலையில் தண்ணீர் பட்டால் நன்றாகத் துவட்டு. அம்மாள் உன் நாவிலும் கையிலும் துணையிருக்கட்டும். என்னோடு கோபமென்றால் கோபித்துக்கொள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் கோல் எடுத்துக் கோபித்துக்கொள்.

உன் நன்மையையே வேண்டும்
அம்மா
இ. புஸ்பம்