சந்தைக் கட்டடத்தின் திறப்பு யாரிடம்?

ஜூலை 10, வியாழன்

பிரதேச சபையின் மாதாந்த அமர்வு. நான் உறுப்பினராகி இது இரண்டாவது. இன்றைக்கும் என் மைக்கில் சிவப்பு விளக்கு எரியவில்லை. பதினேழு மைக்குக்கும் சுவிச் தவிசாளரின் மேசையில் இருக்கிறது.

முதலில் மௌனப் பிரார்த்தனை, பிறகு சென்ற மாதக் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல், பிறகு கடிதங்கள். வாசிகசாலை வீதியின் பெயர்ப் பலகையில் எந்த மொழி மேலே வரவேண்டும் என்று ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு தேநீரும் பற்றிஸும். நான் கை உயர்த்தியபடியே இருந்தேன்.

“தங்கச்சி, அது அஜன்டாவுல இல்ல,” என்றார் தவிசாளர் றிஸ்கான். நான் என்ன கேட்கப் போகிறேன் என்றே அவருக்குத் தெரியாது! கட்சிக்கு எங்கள் ஊர் அமைப்பாளரும் அவர்தான். என்னைப் பெண்கள் பட்டியலில் போட்டவரும் அவர்தான். அதனால் கையை இறக்கிவிட்டேன்.

கேட்க இருந்தது இவ்வளவுதான். சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று கட்டிய மலசலகூடம் நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஏன்?

நாவிதன்வெளியிலிருந்து முதல் பஸ்ஸில் கீரைக் கட்டுகளோடு வரும் சுந்தரம்மா போன கிழமை சொன்னா: “விடியக் கிளம்பினா வீட்ட போய்ச் சேருமட்டும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறல்ல மகள். குடிச்சா எங்க போற?”

ஜூலை 11, வெள்ளி

நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் நாலு வயதுப் பிள்ளை கை உயர்த்தினால்கூட நான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளி விட்டதும் சபைச் செயலாளர் எட்வேட் சேரிடம் போனேன். எதையும் வேகமாகச் செய்யாத மனிதர். ஒரு பிரேரணை கொண்டுவர என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “எழுத்தில தரணும். அமர்வுக்கு முழுசா ஏழு நாளைக்கு முந்தித் தரணும். வழிமொழியிறவர்ட கையெழுத்தும் வேணும். எழும்பிக் கதைக்கிற நேரம் தவிசாளரப் பார்த்துத்தான் கதைக்கணும், மத்த உறுப்பினர்மாரப் பார்த்தில்ல.”

“இதெல்லாம் ஆர் சேர் எழுதினது?”

“வெள்ளைக்காரன் நடத்தின சட்டசபையில இப்பிடித்தான் செஞ்சாங்க. நம்மட ஆக்கள் கதிரைய மட்டும் மாத்தினாங்க.”

சிரிக்காமல் சொன்னார். பகிடியா இல்லையா என்று விளங்கவில்லை. விதிகளின் போட்டோக் கொப்பி ஒன்று கேட்டேன். கேட்ட முதல் உறுப்பினர் நான்தானாம்.

ஜூலை 29, செவ்வாய்

வழிமொழிய ஆள் தேடி இரண்டு கிழமை. எங்கள் கட்சியில் ஒன்பது பேர். ஒருவருக்கு மக்காவுக்கு உம்றாப் பயணம். ஒருவர் “தவிசாளர்ட்டக் கேட்டயா புள்ள?” என்றார். இன்னொருவர், இந்த விசயத்தில் தன் பெயர் வந்தால் வீட்டில் சிரிப்பார்களாம்.

கடைசியில் மில் காக்கா கையெழுத்து வைத்தார். சம்மாந்துறை வீதியில் அரிசி மில் வைத்திருப்பவர், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. “நல்ல விசயம் மகள், ஏன் வைக்கமாட்டன்?” என்றார். வீடுவரை நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோசம்.

ஓகஸ்ட் 14, வியாழன்

எழுதாமல் படுக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஏலாமல் இருக்கு.

பிரேரணை ஐந்தாவதாக வந்தது. மைக்கில் விளக்கும் எரிந்தது. “கௌரவ தவிசாளர் அவர்களே” என்று தொடங்கி, எழுதிக்கொண்டு போனதை நடுங்காமல் வாசித்தேன். ‘மலசலகூடம்’ என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர், “கக்கூஸ் கதைக்கவா சனம் நம்மள அனுப்பினது?” என்றார். அவர் மைக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

“வழிமொழிபவர்?” என்று கேட்டார் றிஸ்கான்.

மில் காக்கா எழும்பவில்லை. நான் அவரைப் பார்க்கிறேன், அவர் தேநீர்க் கோப்பையைப் பார்க்கிறார்.

“நான் இன்னம் கொஞ்சம் யோசிக்கணும், தவிசாளர் அவர்களே.”

கையெழுத்து வைத்த மனிசன்! என்னத்த யோசிக்கிற?

வழிமொழிவார் இல்லாததால் பிரேரணை வீழ்ந்தது. எங்கள் சபை விதிப்படி, வீழ்ந்த பிரேரணையை மூன்று மாதத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. எட்வேட் சேர் அதைக் குறித்துக்கொண்டார். எல்லாம் நாலு நிமிடம்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

“ஒனக்கு என்னத்துக்கு இந்த வேல?” என்று என் வீட்டுக்காரர் றிஸ்மி கேட்டார். கோபத்தில் இல்லை, லொறி ஓடிக் களைத்து வந்த மனிசன் சும்மா கேட்டார். எனக்கே தெரியா.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று சந்தையில் றெஜிதாவைக் கண்டேன். கல்முனைப் பக்கத்து மெதடிஸ்தப் பிள்ளை, எதிர்க்கட்சி உறுப்பினர், இது அவவுக்கு இரண்டாவது தவணை. இவ்வளவு நாளும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

“ஜெனூபா, பிரேரணைக்குத்தானே ஆள் வேணும்?” என்றா, மீனைத் தெரிவு செய்தபடியே. “கேள்விக்கு ஒருத்தரும் வழிமொழியத் தேவல்ல. எழுதிக் குடுத்தா பதில் சொல்லித்தான் ஆகணும்.”

விதிக் கொப்பியை நான் மூன்று தரம் வாசித்தேன். இது ஏன் என் கண்ணில் படவில்லை? உடனே போய் எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி. ‘சந்தைக்குப் பின்னால் உள்ள பெண்கள் மலசலகூடம் யாருடைய பொறுப்பில் உள்ளது, அதன் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது?’

செப்டம்பர் 11, வியாழன்

பதில் வந்தது. தவிசாளர் வாசித்தார்: “கட்டடம் சபையின் பொறுப்பில் உள்ளது. திறப்புத் தொடர்பாக விசாரிக்கப்பட்டு வருகின்றது.”

ஒரு பூட்டின் திறப்பு! ஒரு சாவி! அதற்கு விசாரணை!

றெஜிதா எழுந்து மேலதிகக் கேள்வி கேட்டா: “விசாரிக்கிறது ஆர்? எப்ப முடியும்?” றிஸ்கான் சுற்றிப் பார்த்தார். லுஹர் நேரம், பலர் தொழப் போயிருந்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாலு பேர் கீழே கன்டீனில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்ததை யன்னலால் நானே பார்த்தேன். போதிய ஆளில்லை, கோரம் இல்லை என்று சபையை ஒத்திவைத்தார். மேலதிகக் கேள்வி ஒத்திவைத்த சபையோடு போய்விட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

சுந்தரம்மா நாலு நாளாகச் சந்தைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகத்தில் கிருமி, காய்ச்சல், கையில் சேலைன். இது மூன்றாவது தடவையாம். எனக்குத் தெரியாது.

“டொக்டர் நல்லாத் தண்ணி குடிக்கட்டாம்,” என்று சொல்லிச் சிரித்தா. எனக்குச் சிரிக்க வரவில்லை. அவவின் காலடியில் இருந்துவிட்டு வந்தேன். ‘சபையில் பேசினேன்’ என்று அவவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 20, சனி

அந்த மலசலகூடக் கட்டடத்தின் பின்பக்க யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. மரக்கறிப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, மேலே ஏறி எட்டிப் பார்த்தேன்.

உள்ளே பந்தல் கம்பிகள், பிளாஸ்டிக் கதிரைகள், கட்சிப் பதாகைகள். எல்லாம் எங்கட கட்சியினது! இரண்டாவது கதவில் சாய்த்து வைத்த பதாகைக் கட்டின் மேலே இருந்தது என் படம். தேர்தலுக்கு அடித்தது. தலையில் முக்காடு, வாயில் சிரிப்பு, கீழே ‘பெண்களின் குரல்’.

அல்லாஹ்வே. அந்தக் கதவை நான்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

இறங்கும்போது பெட்டி முறிந்து முழங்கால் உரசிவிட்டது.

செப்டம்பர் 27, சனி

றிஸ்கான் வீட்டுக்கு வந்தார். றிஸ்மியும் இருந்தார். யாரோ நான் எட்டிப் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

“அந்தக் கட்சிக்காரியோட சேர்ந்து என்னக் கேவலப்படுத்தப் போறீங்களா?”

“பதாகைகள எடுத்திட்டுத் திறப்பத் தாங்க. நான் ஒண்டும் கதைக்கமாட்டன்,” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். என் இராஜினாமா. வேட்புமனுவுக்கான தாள்களோடு சேர்த்து, திகதி போடாமல், எல்லாப் பெண்களிடமும் கையெழுத்து வாங்கியதுதான். ‘ஆறு மாதத்துக்கு ஒருவர், சுழற்சி’ என்றார்கள், நானும் வைத்தேன். எனக்குப் பிறகு பரீனா. றிஸ்கானுடைய மச்சானின் மனைவி.

“திகதி போட எனக்கு ஒரு நிமிசம் போதும் தங்கச்சி.”

அவர் போன பிறகு றிஸ்மி வாசற் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கேட்டார்: “அந்த மனிசி இப்ப எப்பிடி இரிக்கா?” வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்றேன். “அப்ப செய்யிறதச் செய்,” என்றார்.

ஒக்டோபர் 9, வியாழன்

நேராக எழுதுகிறேன், மறந்துவிடக்கூடாது.

பிரேரணையை இந்த முறை றெஜிதா கொண்டுவந்தா: ‘சந்தையிலுள்ள சபைக் கட்டடத்திலிருந்து தனியார் பொருட்களை அகற்றி, பதினான்கு நாட்களில் பொதுமக்கள் பாவனைக்குத் திறத்தல்.’ வழிமொழிபவர் என்ற இடத்தில் என் பெயர். எங்கள் கட்சி வரிசை அப்படியே திரும்பியது.

“இது வீழ்ந்த பிரேரணை. மூணு மாதம் முடியல்ல,” என்றார் தவிசாளர்.

எட்வேட் சேர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். மண்டபம் முழுக்க அவர் விரல் வரிவரியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பொருள் வேற, சொல் வேற. எடுக்கலாம், தவிசாளர் அவர்களே.”

நான் எழுந்தேன். எழுதிக்கொண்டு போன தாளைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்டதைச் சொன்னேன், யன்னலுக்குள் கண்டதையும் சொன்னேன், என் படத்தையும் சேர்த்து. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. “இந்தச் சபையில எங்களுக்கு ஒரு மலசலகூடம் இரிக்கு. அதுக்கும் பூட்டுப் போட்டா ஒரு அமர்வு நடக்குமா?” என்று கேட்டேன். சபைத் தமிழ் பிசகிவிட்டது, வீட்டுப் பேச்சாகவே வந்தது.

பகிரங்க வாக்கெடுப்பு. பதினாறு பேர் இருந்தோம். மில் காக்காவுக்கு அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அழைப்பு, காதில் வைத்தபடி வெளியே போனார். அந்தப் போன் ஒலித்து நான் கேட்கவில்லை.

எட்டுக்கு ஏழு. நிறைவேறியது.

ஒக்டோபர் 13, திங்கள்

பதிவுத் தபால். என் இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். திகதி ஒக்டோபர் 10. வேறு ஒருவரின் கையெழுத்தில் திகதி. ஏழு என்ற எண்ணை நான் ஒருபோதும் அப்படி எழுதுவதில்லை என்று வாதாடலாமா என்று பார்த்தால், அதில் ஏழே இல்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பரீனா போன் எடுத்தா. “ராத்தா, நான் கேட்டு வாங்கல்ல இத. கோவிக்காதீங்க.” அழுதா போல. எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. “சரி புள்ள,” என்று வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். அவவிடம் கோபித்து எனக்கு என்ன கிடைக்கும்?

ஒக்டோபர் 24, வெள்ளி

இன்றோடு பதினைந்து நாள். பதாகைகளை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், கட்டடத்தைத் திறந்தும்விட்டார்கள். குழாயில் தண்ணீர் இல்லை. நீர் இணைப்புக்கு வேறு தீர்மானம் வேண்டுமாம்.

நவம்பர் 13, வியாழன்

முன்பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அமர்வுக்குப் போனேன், பார்வையாளர் வாங்கில் இருக்க. சந்தையிலிருந்து ஐந்து பேர் கூட வந்தார்கள். “நாங்களும் உள்ள போகலாமா?” என்று வாசலில் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் படியேறினார்கள். சுந்தரம்மா மெலிந்திருந்தா, ஆனாலும் என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டா. அந்த வாங்கில் ஆட்கள் இருந்து நான் கண்டதேயில்லை. எட்வேட் சேர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

கேள்விகளுக்கான நேரத்தில் பரீனாவின் பெயரை வாசித்தார்கள். நானிருந்த கதிரைதான். எழும்பினா. கையில் ஒரு தாள். றிஸ்கான் அவவைப் பார்த்துத் தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினார். பரீனா தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தா, முதல் வரி சத்தமில்லாமல், இரண்டாவது வரி கொஞ்சம் பலமாக.

“என்ன கேக்கிறா மகள்?” என்று சுந்தரம்மா என்னை இடித்தா. பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று பியோன் விரலை உதட்டில் வைத்தார்.

நான் அவவின் காதில் சொன்னேன்: “தண்ணி எப்ப வரும் எண்டு கேக்கிறா.”