வரம் போய்விட்டது என்றார்கள்

அக்கா,

இன்று பங்குக் கோவிலில் மேற்றிராணியார் வந்து பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுத்தார். உன் மருமகள் செசிலியும் முழங்காலிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் நெற்றியில் தைலத்தின் வாசனை போகவில்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்தவள் பரிசுத்த ஆவியைப் பற்றிக் கேட்டாள்:

"ஏம்பா, இஸ்பிரீத்து சாந்து ஏழு வரம் குடுப்பாருன்னு படிச்சோம்ல, எனுக்கு வந்துச்சான்னு எப்பிடிபா தெரியும்? அத்தைக்குக்கூட வரம் இருந்துச்சாமே, அப்பறம் போயிடுச்சாமே, நெசமாபா?"

தெருவில் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். அடுப்பருகே இருந்த என் மனைவி ஆரோக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

புருஷனைப் பறிகொடுத்து நீ எங்களோடு வந்து தங்கிய வருஷம்தான் அது தொடங்கியது. எதிர்வீட்டு அந்தோணியம்மாளின் பையன் ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்தான். நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்த நீ, அவன் தலையில் கை வைத்துப் பரலோக மந்திரம் சொன்னாய். மறுநாள் அவன் எழுந்து கஞ்சி கேட்டான். நடந்தது அவ்வளவுதான். அந்தோணியம்மாள் அதை வயல்வெளியெல்லாம் சொல்லித் திரிந்தாள். பிறகு கிருமாம்பாக்கத்திலிருந்துகூடப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் விபூதி இட்டவர்களும் வந்தார்கள். நீ யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. யாருக்கும் உறுதி சொன்னதுமில்லை. "ஜொரம் எறங்குற நேரம், என் கை அங்க இருந்துச்சி. நான் இன்னாத்த பண்ணேன்?" என்பாய். சிலர் தேறினார்கள். தேறாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

விசாரிக்க வந்த பிரெஞ்சுக்காரச் சாமியார், தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "வரம் உனக்காக இல்லை அம்மா, மற்றவர்களுக்காக. கொடுத்தவர் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம்." நீ தலையாட்டினாய். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "எடுத்துக்கினா எனுக்கு சொல்லுவாராடா?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த கோடையில் பாகூர் ஏரி தரை தெரிய வற்றியது. வாந்திபேதி வந்தது. நம் தெருவில் முதலில் விழுந்தவன் என் மகன் சூசை. நாலு வயது. உச்சிப்பொழுதுக்குள் அவன் கண்கள் குழிவிழுந்துவிட்டன. ஆரோக்கியம் அவனைத் தூக்கி வந்து உன் மடியில் போட்டாள். "அண்ணி, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் செய்றியே, என் புள்ளைக்குச் செய்யி" என்றாள்.

நீ கை வைத்தாய். உன் உதடுகள் ஓயாமல் அசைவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் அவன் உன் மடியிலேயே அடங்கிப்போனான். அப்புறமும் நீ கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன்.

"எங்க போனாரு உன் சாமி?" என்று ஆரோக்கியம் உன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்றோடு அவள் உன்னிடம் பேச்சை நிறுத்தினாள். தெருவில் அந்தோணியம்மாளே சொன்னாள்: "சொந்தத் தம்பி புள்ளைக்கே ஒதவல. வரம் போயிடுச்சி."

கல்லறையிலிருந்து திரும்பும்போது வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். "சொல்லாமயே எடுத்துக்கினாரு தம்பி" என்று நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் நிற்காமல் முன்னே நடந்தேன். என் பிள்ளையை அப்போதுதான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

நோய் வீடு வீடாகப் பரவியது. கொம்யூன் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வாசல்களில் சுண்ணாம்பு தூவிவிட்டுப் போனான். சுண்ணாம்பு விழுந்த வீட்டுக்குள் சொந்தக்காரர்களே நுழையவில்லை. நீ நுழைந்தாய். கழுவிவிட்டாய், துணி மாற்றினாய், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாய். யார் தலையிலும் கை மட்டும் வைக்கவில்லை.

அந்தோணியம்மாள் விழுந்தபோது அவள் புருஷன் பையனைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினான். அவளிடமும் நீ போனாய். வெந்நீர் கொண்டுவந்த நான் வாசலிலேயே நின்றேன். அவள் முனகியது வெளியே கேட்டது.

"வரந்தான் போயிடுச்சே, நீ இன்னாத்துக்கு வந்த?"

"வரமா வந்துச்சி இப்போ? நான் வந்தேன். வாயத் தொற, கஞ்சி ஊத்தறேன்."

அவள் பிழைக்கவில்லை. உன் கையைப் பிடித்தபடியே போனாள்.

கடைசியாக விழுந்தவள் நீ. சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். "அக்கா, உனுக்காக ஒருதரம் வேண்டிக்கயேன்" என்று நான் வாசலில் நின்று அழுதேன். உள்ளே வரக் கால் எழவில்லை. அப்போது ஆரோக்கியம் கைக்குழந்தையாயிருந்த செசிலியை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள். சூசை போனதிலிருந்து உன் முகம் பாராதவள், உன் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயமா இல்லயா ஆரோக்கியம்?" என்று கேட்டாய்.

"இருக்குது அண்ணி."

"இருந்தும் வந்த பாரு" என்றாய். அதுதான் உன் கடைசிப் பேச்சு. அவள் மடியிலேயே அடங்கிப்போனாய்.

உனக்குக் குணமாக்கும் வரம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூசையை ஆண்டவர் ஏன் விட்டுவைக்கவில்லை என்ற கேள்வியையும் நான் விடவில்லை. பூசையில் முழங்காலிடும்போதெல்லாம் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. அதற்குப் பதில் கிடைக்கும் என்று இப்போது எதிர்பார்ப்பதுமில்லை.

போன மாதம் மேலத்தெருவில் ஒரு கிழவர் காசநோயில் கிடந்தார். யாரும் அவரை அண்டவில்லை. அவர் வாசலில் வெகுநேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போனேன். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "யாருப்பா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லி, அவளுடைய தம்பி என்றேன்.

கிழவர் பாயில் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.