எனக்கு எதுக்குப்பா

மம்பாவ், 12-11-1944

அன்பு மகள் பஞ்சாலைக்கு அப்பா எழுதுவது. சுங்கை சிப்புட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணை. நானும் அம்மாவும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நடமாடுகிறோம். ஜப்பான்காரர்கள் தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் இதை லோரிக்கார முனியாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி அர்ச்சுனன், ஜப்பான்காரர்கள் வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோன சயாம் ரயில் பாதையிலிருந்து திரும்பி மூன்று மாதமாகிறது ம்மா. கால் புண் ஆறிவிட்டது, பேச்சுதான் சரியில்லை. முன்பெல்லாம் நாம போவோம், நாம செய்வோம் என்பான். இப்போது எதைக் கேட்டாலும், எனக்கு எதுக்குப்பா, நான் இருந்து என்ன, எப்பவும் இப்படித்தான், ஒண்ணுமே வேணாம், இவ்வளவுதான். தன் கஞ்சியை எதிர்வீட்டுக்கு ஊற்றுவான். துணி கிடைக்காத காலத்தில் இருந்த ஒரே நல்ல சட்டையையும் கழற்றிக் கொடுத்தான். என் பிள்ளைக்குத் தரும குணம் என்று உன் அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னாள். நானும் பெருமைப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை, பக்கத்து நிரை மரங்களில் ரப்பர் பால் வெட்டும் சன்னாசி, அர்ச்சுனனின் வெட்டுக் கத்தியோடு வந்து நின்றான். இனிமே நீயே வெச்சுக்கன்னு குடுத்துட்டான் மாமா, கைக்குப் பழகின கத்திய எவனாச்சும் குடுப்பானா, எனக்குப் பயமா இருக்கு என்றான். பிள்ளை எங்களை விட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறான், நாங்கள் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றிலிருந்து ராத்திரியிலும் நானும் அம்மாவும் மாறி மாறி அவன் கூடவே இருக்கிறோம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நிற்கும்போதே எனக்குக் கண் செருகுகிறது. தைரியமாக இருடா என்றால் சரிப்பா என்கிறான், அந்தச் சரியும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் நீ அவனுக்கு ஆறுதல் எழுதாதே. குழந்தைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பேன், நீ வராவிட்டால் பிள்ளை காது மூளியாகவே இருக்கட்டும் என்று சண்டை போட்டு எழுது. தை மாதத்தில் ஒரு நாளைக் குறி. அப்போது ரயில் கிடைக்காவிட்டால் மாசிக்குத் தள்ளி மறுபடி எழுது. அவன் காத்திருக்க ஒரு நாள் வேண்டும் ம்மா.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி. கிழங்கை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். முனியாண்டி வெள்ளிக்கிழமை திரும்புகிறான், பதிலை அவன் கையிலேயே கொடு, மறந்துவிடாதே. அக்காளுக்கு எழுதுகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அர்ச்சுனனிடம் கேட்டேன். ஒரு பேச்சு சொன்னான். அதை நான் எழுதமாட்டேன், உயிரோடு வந்து அவனே உன்னிடம் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லசாமி