அரக்கனுக்கு அவர் முகம்

அக்கா,

இன்று காலை காரை எடுக்கப் போனபோது கராஜில் அச்சு மையின் எண்ணெய் வாசனை. உங்கள் மகன் உங்கள் அச்சு இயந்திரத்தை இங்கே இறக்கிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டு வாசனைதான்.

நீங்கள் ஈரானிலிருந்து வந்தவர், நான் திருநெல்வேலியிலிருந்து. அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட் ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடு; நடுவே இருவரின் அரைகுறை ஆங்கிலம். டிபெண்டன்ட் விசாவில் வேலைக்குப் போக முடியாத அந்தக் காலத்தில் என் பகல்களெல்லாம் உங்கள் கராஜில்தான் கழிந்தன. நீங்கள் மரப்பலகையில் செதுக்குவீர்கள். நான் மை பூசித் தாளை அழுத்தி எடுப்பேன். மலையுச்சியில் கூடு கட்டும் உங்கள் புராணப் பறவை வரும், அதன் இறகுகளுக்குள் நம் ஃப்ரீவேயின் கார்கள் ஊரும். சுற்றிலும் பழைய பாரசீகச் சித்திரங்களின் பூங்கொடிகள். எங்கள் ஊர்க் கோயில் யாளியை என் போனில் பார்த்ததும், "இந்தப் பற்கள் எனக்கு வேண்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அதன்பின் உங்கள் அரக்கர்களுக்கெல்லாம் யாளியின் வாய்தான்.

பிறகு அந்தக் கலைக்கூடக்காரர் வந்தார். உங்கள் படங்களைக் கண்காட்சியில் வைத்தார். கீழே 'கற்பனை' என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். 'செதுக்கியவர்' என்று சின்ன எழுத்தில் உங்கள் பெயர். கேட்கப் போனோம். வட்டக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கதை உங்கள் நாட்டுடையது. கை உங்களுடையது. கற்பனை என்னுடையதுதானே?"

திரும்பும் வழியில் நீங்கள் அழவில்லை. "எனக்குக் கற்பனை இல்லையாம். காட்டுகிறேன்" என்றீர்கள்.

நோய் முற்றிய பிறகும் அந்தக் கடைசிப் பலகையை நீங்கள் விடவில்லை. முடித்ததும் என் மடியில் வைத்தீர்கள். "நான் போனதும் அவன் எனக்கு அஞ்சலிக் கண்காட்சி வைப்பான். அதற்கு முன் இதை அச்சடி."

நீங்கள் போனதும் அவர் அப்படியே அஞ்சலிக் கண்காட்சியை அறிவித்தார். நான் மை குழைப்பதைப் பார்த்து என் கணவர், "செத்தவங்க சண்டைய நீ எதுக்கு கன்டினியூ பண்ற? விட்டுடேன்" என்றார்.

"அவங்க விடலையே" என்றேன்.

'இதுவரை யாரும் பார்க்காத கடைசிப் படம்' என்று நான் சொன்னதும் கலைக்கூடக்காரர் மகிழ்ந்துபோய், முன்னாலேயே பார்க்கவும் கேட்காமல், வாசலுக்கு நேரே இடம் ஒதுக்கினார். திறப்பு நாளன்று நானும் உங்கள் மகனும் அதை மாட்டினோம்; அவர் விருந்தினர்களை அழைத்துவந்து அதன் முன் நின்றார். பறவையின் நகத்தடியில் ஓர் அரக்கன்; அதனிடம் திருடிய இறகைத் தன் தலையில் செருகிக்கொண்டிருக்கிறான்.

"இந்த அரக்கனின் முகத்தில் எவ்வளவு உயிர் பாருங்கள்!" என்றார்.

பக்கத்தில் நின்ற என் மகள் உரக்கச் சொன்னாள்: "அம்மா, தட்ஸ் ஹிம்!"

வட்டக் கண்ணாடி, குழி விழுந்த முகவாய், வழுக்கையை மறைக்க இழுத்துச் சீவிய முடி. யாளியின் பற்கள் மட்டும்தான் அவருடையவை அல்ல. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், போன்கள் உயர்ந்தன. அவர் குனிந்து கீழே இருந்ததைப் படித்தார். கற்பனை: உங்கள் பெயர். செதுக்கியவர்: உங்கள் பெயர். அச்சடித்தவர்: என் பெயர்.

முகம் வெளிறி, "எடுத்துவிடுங்கள்" என்றார் உங்கள் மகனிடம்.

"அம்மாவின் கடைசிப் படம். இருக்கட்டும்" என்றான் அவன், உங்கள் குரலிலேயே.

அஞ்சலி உரைக்கு மைக் காத்திருந்தது. அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். போன வாரம் போன் செய்து, அந்தப் பலகையை அழித்துவிடும்படி கெஞ்சினார். முழுவதும் பேசவிட்டுக் கேட்டேன். பிறகு முடியாது என்றேன்.

பழிவாங்கினால் மனம் கனத்துப்போகும் என்கிறார்கள். எனக்கு லேசாகத்தான் இருக்கிறது அக்கா. நீங்கள் யாரையும் மன்னித்துப் பழகியவர் அல்ல. உங்களோடு இருந்து நானும் பழகவில்லை. உங்கள் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.