இறக்கையைத் தூக்கிய கை

அன்புத் தம்பி ராஜனுக்கு,

மழை வருவது தெரிந்தும் அன்று ஏன் ஏறினாய்? மூன்றாம் நினைவு நாளும் போய்விட்டது, எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நீ இதைக் கேட்பாய் என்று நம்புகிறவளும் இல்லை நான். ஆனாலும் வேறு யாரிடம் சொல்வது?

போன ஞாயிறு உன் கிளைடர் கிளப்பில் நினைவுக் கூட்டம். லிங்கராஜபுரத்து நம் வீட்டிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். உன் படத்துக்குச் சாமந்தி மாலை. செக்ரெட்டரியாகிவிட்ட உன் சிநேகிதன் வசந்த் பேசினான். நம் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவன்.

"ராஜன் மாதிரி தைரியம் யாருக்கும் வராது. ஆனா பிடிவாதம். மழை வருது, வேணாம்டான்னு நானே சொன்னேன். கேக்கல."

எல்லோரும் தலையாட்டினார்கள். மழையில் மைதானம் தெரியாமல் நீ யூக்கலிப்டஸ் மரங்களுக்குள் இறங்கிய நாளிலிருந்து இதே பேச்சுதான். சொன்ன பேச்சு கேட்காதவன் என்று நம்பித்தான் அம்மாவும் கண்ணை மூடினாள்.

பிறகு உன் நினைவாகப் பறந்தார்கள். மதியத்துக்கு மேல் நந்தி மலைப் பக்கம் வானம் கறுத்தது. அங்கே ஒரு விதி இருக்கிறதாம்: காலையிலிருந்து காத்திருந்தாலும் மழை வந்து பறப்பது நின்றால் முறை போயிற்று, அடுத்த ஞாயிறு வரிசையின் கடைசிதான். இந்த விதியை நீ ஏன் எங்களிடம் சொன்னதே இல்லை? அடுத்த முறைக்காரன் சதீஷ், சாஃப்ட்வேர்க்காரன், அவசரமாக ஏறி உட்கார்ந்தான்.

"அக்கா, ராஜன் ஞாபகமா நீங்க றெக்கையப் பிடிங்க" என்றான் வசந்த். மரியாதை செய்கிறானாம்.

எஞ்சின் இல்லாத அந்தக் கிளைடருக்கு அடியில் ஒரே சக்கரம். ஒரு பக்க இறக்கை தரையில் சாய்ந்து கிடக்கும். அதன் நுனியை ஒருவர் தூக்கிச் சமமாகப் பிடித்தால்தான் மைதானத்தின் அந்தக் கோடியிலிருக்கும் வின்ச் எந்திரம் கேபிளைச் சுருட்டி இழுத்து அதை மேலே ஏற்றும். இறக்கை தரையில் கிடக்கும்வரை யாரும் பறக்க முடியாது.

முதல் துளி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. நான் குனியவில்லை.

"தூக்குங்க மேடம், பேக பேக!" சதீஷ் கன்னடத்தில் அவசரப்படுத்திக் கத்தினான்.

"மழை வருது."

"இதெல்லாம் ஒரு மழையா? ஒரே ரவுண்ட். என் டர்ன் போயிடும்!"

"போகட்டும்."

வசந்த் ஓடி வந்தான். "என்னக்கா இது? சும்மா தூறல். எல்லாரும் பாக்கறாங்க."

அப்போதுதான் தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

"வசந்த், அன்னைக்கு என் தம்பிக்கு றெக்கையத் தூக்குனது யாரு?"

அவன் தரையில் கிடந்த இறக்கையைப் பார்த்தான்.

"நான்தான்க்கா. ரொம்பக் கெஞ்சினான்."

"வேணாம்னு வாய் சொல்லுச்சு. கை தூக்கிக் குடுத்துச்சு. இல்லியா?"

மழை கொட்டியது. சதீஷ் இறங்கினான். "போன வாரமும் மழை, இந்த வாரம் நீங்க. நல்லா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். உயிரோடு நனைந்துகொண்டு போகிறவன் திட்டியது வலிக்கவில்லை.

விட்டுப்போன முறையை அடுத்த வாரத்துக்குக் கொடுங்கள், விதியை மாற்றுங்கள் என்று வசந்திடம் சொன்னேன். "கமிட்டில பேசறேன்க்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ராஜா, நீ பிடிவாதக்காரன்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிவாதத்தால் மட்டும் கிளைடர் எழும்பாது. இனி உன் படத்துக்கு மாலை விழும் ஒவ்வொரு வருடமும் அங்கே வந்து உட்காருவேன். "நான் வேணாம்னு சொன்னேன்" என்று எவன் தொடங்கினாலும், தூக்கியது யார் என்று கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மறுநாள் சாயங்காலம் வசந்த் போன் செய்தான். கமிட்டி கூடியதாம். விதியை மாற்றிவிட்டார்களாம்: விருந்தாளிகள் இனி இறக்கையைத் தொடக் கூடாது.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
அக்கா ஸ்டெல்லா