தறி உன்னுடையது என்றேன்

தோழா,

நேற்று என் மகன் முழங்காலில் கட்டோடு வந்து உட்கார்ந்தான். பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. பேருந்து நிலையம் பக்கத்தில் விழுந்துவிட்டான். வைத்தியத்துக்கு உதவி கேட்டானாம். கம்பெனி அனுப்பிய பதிலை போனில் படித்துக் காட்டினான்: வண்டி உங்களுடையது, ஆகவே நீங்கள் எங்கள் தொழிலாளி அல்ல. நெசவாளர் சங்கத்தில் உனக்கு எதிராக நான் வைத்த அதே வாதம் அது.

நான் முதலாளி வீட்டுத் தறியில் நெய்தவன். நீ ஐயம்பேட்டையில் சொந்தத் தறியில் நெய்தவன். தறியில் ஏற்றும் பட்டுப் பாவும் ஜரிகையும் இருவருக்கும் ஒரே முதலாளியிடமிருந்துதான் வந்தன. உன்னைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்த அன்று, தடிப் புத்தகங்களோடு வந்து இறங்கினேன். உழைப்புச் சக்தியைத் தவிர விற்க ஒன்றுமில்லாதவன்தான் கூலித் தொழிலாளி, கருவி வைத்திருப்பவன் சிறு உடைமையாளன் என்று அடித்துப் பேசினேன்.

"பாவு அவரு குடுத்தாதான் எந்தறி ஆடும். அப்போ தறி யாருதுப்பா?" என்று கேட்டாய்.

முதலாளியின் பேராசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றேன். அதையும் நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரு நல்லவரா இருந்தாலும் இதான் நடக்கும். போட்ட காசுக்கு மேல எடுத்து, அத்தையும் திரும்பப் போட்டுக்கினே இருக்கணும். இல்லன்னா பக்கத்துக் கடைக்காரன் முழுங்கிடுவான். அவரையும் ஒண்ணு வெரட்டிக்கினு இருக்குது."

முதலாளிக்கு வக்காலத்தா என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன்னைச் சேர்க்க வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவனும் நான்தான்.

சங்கத்து ஆட்கள்மேல் கைவைக்கப் பயந்த முதலாளி, நீ தனியாள் என்று தெரிந்ததும் உனக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தினார். நாங்கள் ஒரு நாள் தறியை நிறுத்தியிருந்தால் இறங்கி வந்திருப்பார். உறுப்பினர் அல்லாதவருக்காக நிறுத்த முடியாது என்று உன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். இப்போது நினைத்தால் என் படிப்பின் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

தறியைக் கழற்றி விற்றுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் தரை பெருக்கப் போனாய். ஒருமுறை பஸ்ஸில் பார்த்தபோது, "இப்போ கூலி ஆயிட்டேன். இப்பவாவது சேத்துக்குவீங்களா?" என்றாய். என் நிறுத்தம் வரும் முன்பே இறங்கிவிட்டேன்.

நீ இறந்துபோன அன்று சங்கத்துச் சிவப்புக் கொடியோடு வந்தேன். தோழர்களுக்குப் போர்த்துகிற வழக்கப்படி உன்மேல் விரித்தேன். உன் மனைவி எழுந்து வந்து, அதை எடுத்து நிதானமாக மடித்து, என் கையில் வைத்தார்.

"அவரு உங்க சங்கத்துல இல்லண்ணா."

கொடியைச் சங்கத்தில் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மடித்த மடிப்பு கலையாமல் என் பீரோவில் இருக்கிறது.