தேவகி, ரோகிணி நட்சத்திரம்

மார்ச் 3, செவ்வாய்
காலையிலிருந்து மூடுபனி. துவைத்த துணி இன்னும் காயவில்லை. ரிங்லெட் டவுனில் வாங்க வேண்டியது: முட்டை, மெழுகுவத்தி, முதுகுவலித் தைலம்.

புத்தகம் தயார். ஏழு கொலைக் கதை, நான்கு உண்மைச் சம்பவக் கட்டுரை. இத்தனை பேரைத் தீர்த்துக் கட்டியவளுக்கு வீட்டில் பேச ஓர் ஆள் இல்லை. பதிப்பாளர் போன். கடைசிக் கட்டுரைதான் புத்தகத்துக்கே உயிராம். அந்தப் பெண்ணின் படம் வேண்டுமாம். இந்த வாரம் வந்த ஒரே போன்.

கட்டுரை தேவகியைப் பற்றி. பக்கத்து எஸ்டேட் லயன் வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் டவுனுக்குப் போனவள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பழகிய லோரிக்காரன் கொன்றுவிட்டான் என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தான் நம்புகிறேன்.

மார்ச் 4, புதன்
மழை விட்டதும் தேவகியின் அம்மா மணியம்மா அக்கா வீட்டுக்கு. கேட்டதும் பீரோவிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

“புக்குல போட்டா நாலு பேரு பாப்பாங்க லா. எங்கயாச்சும் பாத்தவங்க வந்து சொல்லுவாங்க.”

கொலைப் புத்தகம் என்று சொல்ல வாய் வரவில்லை. சுடச்சுடத் தோசை, நெத்திலிச் சம்பல். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கச் சாப்பிட்டு எத்தனை காலம். வெட்கமில்லாமல் இன்னும் கேட்டு வாங்கித் தின்றேன்.

மார்ச் 6, வெள்ளி
அக்கா கூப்பிட்டார் என்று எஸ்டேட் கோயிலுக்கு. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துப் பெயர்கள் சொன்னார். தன் பெயர், மகன் பெயர், பிறகு தேவகி, ரோகிணி நட்சத்திரம். பூசாரி உரக்கச் சொல்லி அர்ச்சனை செய்தார்.

உயிரோடு இருப்பவர்கள் பெயருக்குத்தான் அர்ச்சனை. என் கட்டுரையிலோ அவள் முதல் வரியிலேயே செத்துவிட்டாள். குங்குமத்தை வாங்கித் தாளில் மடித்துக்கொண்டேன், நெற்றியில் வைக்கவில்லை.

மார்ச் 7, சனி
‘கொலை’யை அடித்துவிட்டு ‘காணவில்லை’ என்று போட்டுப் பார்த்தேன். பொய். திரும்பவும் ‘கொலை’. சமைக்கவில்லை, பிஸ்கட்தான். யாரிடமாவது கேட்கலாம் என்று போனை எடுத்தேன். யாரிடம்?

மார்ச் 8, ஞாயிறு
போய்ச் சொல்லிவிட்டேன். என்ன புத்தகம், என்ன எழுதியிருக்கிறேன், எல்லாம். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“பெத்தவளுக்குத் தெரியாதாம்மா? நீங்க எழுதுறத எழுதுங்க.” ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “பூசாரி மட்டும் படிக்காம பாத்துக்குங்க. அப்பறம் அவ பேரச் சொல்ல மாட்டாரு. இங்க வேற யாரு சொல்றா அவ பேர?”

நான்தான் அழுதேன். அவர் அழவில்லை.

மார்ச் 9, திங்கள்
நல்ல வெயில். கடைசிக் கட்டுரை கிடையாது என்று பதிப்பாளரிடம் சொன்னேன். அப்படியானால் புத்தகமும் கிடையாது என்றார். சரி என்றேன். இனி அவரும் கூப்பிட மாட்டார்.

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா முந்தானையால் துடைத்து உள்ளே வைத்தார்.

“வெள்ளிக்கெழம வந்துருங்க. ஒங்க பேரையும் சேத்துச் சொல்லச் சொல்றேன். ஒங்க பேரு என்னா?”

இத்தனை நாள் பழகியும் அவருக்குத் தெரியாது. சொன்னேன். நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.